காரணி காட்டாத தீர்ப்பு

எட்டாம் வகுப்பிலே கணிதம் பயின்ற காலத்தில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். 323 முதன்மை எண்ணா என்பது வினா. 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு எண்களாலும் வகுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மீதி வந்தது. அலுப்புத் தட்டவே, ‘முதன்மை எண்’ என எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் விடையைச் சிவப்பு மையால் வெட்டவில்லை. ‘இல்லையா, காணவில்லையா?’ என்று மாத்திரம் ஓரத்தில் எழுதிக் கொப்பியைத் திருப்பித் தந்தார். அடுத்த முதன்மை எண்ணாகிய 17ஆல் வகுத்திருப்பின் 19 மீதியின்றி வந்திருக்கும். ஒரு படி முன்னதாகவே நான் நின்றுவிட்டேன்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, மாணவர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரை தொடர்பான விசாரணைக் குழுவொன்றில் அமர நேர்ந்தபோது அவ்வினா மீண்டும் என்முன் வந்து நின்றது. அக்கட்டுரை அவரால் எழுதப்பட்டதன்று, கணனியினால் ஆக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. இன்னொரு கணனி மென்பொருள் வழங்கிய ஒரு நூற்றுவீதமே சான்றாக வைக்கப்பட்டிருந்தது. எந்த நூலிலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று காட்ட எவராலும் இயலவில்லை. காட்ட இயலாத ஒரு குற்றத்தை அறிந்துவிட்டதாக நாம் கொள்ளலாமா? கொள்ளலாமெனின், அவ்வறிவை மாத்திரம் துணையாகக் கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாமா? இவற்றுக்கு விடை தேட முற்பட்டபோது ஒழுக்கவியல் நூல்களிலும் பார்க்க எண்கணிதமே எனக்கு அதிகம் உதவிற்று. இவ்வாறு கூறுவது விநோதமாகத் தோன்றலாம். ஆயினும், ஓர் எண் பகுபடுமா பகுபடாதா என்று தீர்ப்பளிக்கும் முறைகளை மனிதர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தியும் சீர்செய்தும் வந்துள்ளனர். சான்று என்பது யாது என்னும் வினாவை அத்துறை எதிர்கொண்ட அளவுக்கு நீதிமன்றங்களும் எதிர்கொண்டனவோ என்பது ஐயமே.

ஓர் எண்ணின் மடங்குகளைக் காண்பதும் அதன் காரணிகளைக் காண்பதும் பாடநூலில் அடுத்தடுத்து வரும் இரு பயிற்சிகள். ஆயின் இவை இயல்பிலே பெரிதும் வேறுபட்டவை. 17இன் மடங்குகள் முடிவற்றவை. எனினும் 17, 34, 51, 68 எனக் கூட்டிக்கொண்டே போகலாம். அங்குத் தேடுதல் என்பதொன்றில்லை. 323இன் காரணிகளோ 1, 17, 19, 323 என நான்கே; அந்நான்கையும் தேடித்தான் காணவேண்டும். முடிவில்லாதது கைக்கு எளிதில் அகப்படுகிறது. எண்ணிக்கைக்குள் அடங்குவது மறைந்து நிற்கிறது. தேடுவோருக்கு ஆறுதலாக உள்ளது ஒன்று: காரணிகள் சோடியாக வருவன. 36ஐ எடுத்துக்கொண்டால் 1உடன் 36, 2உடன் 18, 3உடன் 12, 4உடன் 9, இறுதியாக 6 தன்னுடனேயே சோடி சேர்கின்றது. சோடியிற் சிறியது ஒருபோதும் எண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சுவதில்லை. ஆதலின் 323இன் பொருட்டு 17வரை, அதுவும் முதன்மை எண்களால் மாத்திரம், வகுத்துப் பார்த்தாற் போதும். அத்தகைய எண்கள் ஏழு. ஏழனுள் ஆறைச் சோதித்துவிட்டு ‘இல்லை’ என்று சொன்னவன் நான்.

இங்குச் சொல்லொன்றைப் பற்றிக் கூறவேண்டியிருக்கிறது. ஈழத்துப் பாடநூல்கள் ‘முதன்மை எண்’ என்று வழங்குவதைத் தமிழ்நாட்டார் ‘பகா எண்’ என்பர். எமது சொல் அவ்வெண்ணுக்கு ஒரு தகுதியை அளிக்கிறது. அவர்களது சொல்லோ அவ்வெண் செய்யாத ஒன்றைக் கூறுகிறது. சான்றின் நோக்கிற் பார்க்குமிடத்துப் ‘பகா எண்’ என்பதே நேர்மையான பெயர் எனக் கருதுகிறேன். ஏனெனில், ஓர் எண்ணை முதன்மையானது என்று கூறுவோர் உண்மையிற் கூறுவது ஓர் இன்மையையே. இன்மையை அறிவது எங்ஙனம் என்பது நம் அளவை நூலார் நெடுங்காலம் வாதிட்ட பொருளாகும். சிவஞான சித்தியார் அளவைகளைப் பத்தாக எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். அப்பத்தனுள் அபாவம், ஒழிபு என்னும் இரண்டும் எண்கணிதத்துக்கு மிக அணுக்கமானவை. நிலத்திற் குடம் இல்லை என்று அறிவது அபாவத்துக்கு எடுத்துக்காட்டாக வழங்குவது. அவ்வறிவு செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: குடம் இருந்திருப்பின் அது கட்டாயம் கண்ணிற் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு குடம் இல்லை என்று கூறுதல் அறிவாகாது. 13உடன் நின்றுவிட்ட எனது தேடல் இருட்டறைத் தேடலே. 17ஐயும் பார்த்து முடித்தவனுக்கே ‘இல்லை’ என்னும் சொல் உரியது.

கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நூலகத்தின் பொறுப்பாளராயிருந்த எரத்தோஸ்தெனிஸின் சல்லடை முறை ஒழிபு அளவைக்குத் தக்க உதாரணமாகும். எண்களை வரிசையாக எழுதி, 2இன் மடங்குகளை நீக்கி, பின் 3இன் மடங்குகளை நீக்கி, இவ்வாறே சென்றால் எஞ்சியவை முதன்மை எண்கள். எவ்வெண்ணையும் நேரே சோதிக்காது, அல்லாதவற்றை விலக்குவதனாலேயே ஆனவற்றை அறிகிறோம். காரணியைத் தேடும் கடினமான வேலை, மடங்குகளை எழுதும் எளிய வேலையாக மாற்றப்பட்டுவிடுகிறது. எல்லாரும் இவ்வாறு எஞ்சியவற்றையே போற்ற, காரணிகள் மலிந்த எண்களைத் தேடிச் சென்றவரும் உளர். 12, 24, 36, 48, 60, 120 போல, தமக்கு முந்திய எல்லா எண்களிலும் கூடுதலான காரணிகளைக் கொண்டவற்றைப் பற்றி 1915இல் இராமானுஜன் வெளியிட்ட நீண்ட கட்டுரை அவரது சிறந்த ஆக்கங்களுள் ஒன்று. அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

சல்லடையும் வகுத்தலும் எண்கள் சிறியனவாக உள்ளவரையே பயன்படும். எண் பெருகும்போது ‘தேடி முடித்தேன்’ என்று கூறுவது மனித ஆயுளுக்குள் இயலாததாகிவிடுகிறது. அந்நிலையில் மனிதர் செய்யும் முதற் பிழை, தமது இயலாமையை எண்ணின் இயல்பாகக் கொள்வது. இதற்கு ஆங்கிலேய அளவையியலாளரும் பொருளியலாளருமான வில்லியம் ஸ்ரான்லி ஜெவொன்ஸ் 1874இல் வெளியிட்ட விஞ்ஞானத் தத்துவங்கள் பற்றிய நூலில் ஓர் அரிய உதாரணம் உண்டு. பொதுவிலிருந்து சிறப்பை உய்த்தறிதல் எளிது, சிறப்புகளிலிருந்து பொதுவிதியைக் காணுதல் கடிது என்பதை விளக்கவந்த அவர், இரண்டு எண்களைப் பெருக்குதல் எவர்க்கும் இயலும், பெருக்கத்திலிருந்து அவ்விரண்டையும் மீட்டெடுத்தலோ அரிது என்றார். அவ்வளவிலே நின்றிருக்கலாம். 8,616,460,799 என்னும் எண்ணைத் தந்து, இதன் காரணிகளைத் தம்மையன்றி வேறொருவர் என்றேனும் அறிவாரென்று தாம் எண்ணவில்லை என்றும் எழுதிவைத்தார்.

அவருக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் முன் வாழ்ந்த பிரெஞ்சு நாட்டுப் பேர்மா, இத்தகைய எண்களுக்கென்றே ஒரு வழியைக் கூறிச் சென்றிருந்தார். ஒற்றை எண்ணொன்று இரண்டு காரணிகளின் பெருக்கமாயின், அதனை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். ஆகவே எண்ணின் வர்க்கமூலத்தைச் சற்று விஞ்சிய முழுவெண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக வர்க்கித்து, தரப்பட்ட எண்ணைக் கழித்து, எஞ்சுவது நிறைவர்க்கமா என்று பார்த்துச் செல்லவேண்டும். ஜெவொன்ஸின் எண்ணுக்கு 92,825இல் தொடங்குகிறோம். ஐம்பத்தாறாவது படியில் 92,880 வருகிறது. அதன் வர்க்கத்திலிருந்து ஜெவொன்ஸின் எண்ணைக் கழிக்க 10,233,601 எஞ்சுகிறது. இது 3,199இன் வர்க்கம். கழித்தும் கூட்டியும் பார்க்க, 89,681உம் 96,079உம் காரணிகளாகக் கிடைக்கின்றன. பேனாவும் தாளும் ஒரு பிற்பகலும் போதும். வாசகர்கள் செய்து பார்க்கவேண்டும் என்பது என் விருப்பம். நான் செய்து பார்த்தேன். காரணிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தமையே ஜெவொன்ஸின் எண்ணைக் காட்டிக்கொடுத்தது. அதனை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

நூறு ஆண்டுகளின் பின் இதுவே பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது. 1977இல் றிவெஸ்ட், ஷமிர், அடில்மன் ஆகிய மூவர், பெருக்குதலின் எளிமையையும் மீட்டெடுத்தலின் கடுமையையும் அடிப்படையாகக் கொண்டு மறைமொழி முறையொன்றை அமைத்தனர். 129 இலக்கங்கொண்ட எண்ணொன்று சஞ்சிகையொன்றில் அறைகூவலாக வெளியிடப்பட்டது. அதனைப் பகுக்கக் கோடி கோடி ஆண்டுகளுக்கும் மேலாகும் என அப்போது மதிப்பிடப்பட்டது. 1994இல், ஏறத்தாழ அறுநூறு தொண்டர்கள் தத்தம் கணனிகளின் ஓய்வு நேரத்தை வழங்க, 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட அதன் காரணிகள் இரண்டும் வெளிப்பட்டன. கோடி கோடி ஆண்டுகள் பதினேழாகச் சுருங்கின. எண் மாறவில்லை, தேடுவோரும் தேடும் வழிகளும் மாறியிருந்தனர். எண்ணியல் எவருக்கும் தீங்கு செய்யப் பயன்படாதது என 1940இல் ஆறுதல் கொண்ட கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டியும் ஏமாந்தவரே. அம்மறைமொழி முறையையே பிரித்தானிய உளவுத் துறையினுள் 1973இல் கிளிபர்ட் கொக்ஸ் கண்டிருந்தார் என்பதும், அது 1997வரை மறைக்கப்பட்டது என்பதும் பின்னரே வெளிவந்தன.

‘எவராலும் காணமுடியாது’ என்பதிலிருந்து ‘இல்லை’ என்பதற்குச் செல்ல வழியில்லை என்பது இதுவரை கூறியவற்றால் தெளிவாகும். இனி இதன் மறுதலையை நோக்குவோம். எவராலும் காணப்படாதிருக்கும்போதே ‘உண்டு’ என்று உறுதியாகக் கூறமுடியுமா? எனது விசாரணைக் குழுவின் வினா இதுவே. எண்கணிதம் இதற்கு ‘முடியும்’ என்று விடையளிக்கிறது. ஆயின் அவ்விடைக்கு அது கொடுத்த விலையையும் அறிந்துகொள்ள வேண்டும்.

1644இல் மேர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி, 2இன் வலுவிலிருந்து 1ஐக் கழிக்க முதன்மை எண் கிடைக்கும் சுட்டிகளை, 257வரை, பட்டியலிட்டு வெளியிட்டார். அப்பட்டியலில் 67 இருந்தது. எவ்வாறு அறிந்தார் என்று அவர் காட்டவில்லை. காட்டாமலே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பப்பட்டார். 1876இல் எதுவார் லூக்கா, 2இன் 67ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிக்க வருவது முதன்மை எண்ணன்று என நிறுவினார். இருபத்தொரு இலக்கங்கொண்ட அவ்வெண்ணின் காரணி ஒன்றையேனும் அவர் தரவில்லை. அவருக்கே அது தெரியாது. இருபத்தேழு ஆண்டுகள் அவ்வெண் இவ்வாறே கிடந்தது: பகுபடும் என்பது ஐயமற அறியப்பட்டது, எவற்றாற் பகுபடும் என்பது ஒருவருக்கும் தெரியாதது. 1903 ஒக்டோபரில் நியூயோர்க் நகரிற் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முன் பிராங் நெல்சன் கோல் கரும்பலகையை அணுகி, ஒரு புறம் 147,573,952,589,676,412,927 என அவ்வெண்ணைக் கணித்து எழுதி, மறுபுறம் 193,707,721ஐ 761,838,257,287ஆற் பெருக்கிக் காட்டினார் என்பர். இரண்டும் ஒன்றாயிருந்தன. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்றும், சபையினர் கைதட்டினர் என்றும், இதற்கு எவ்வளவு காலம் சென்றது என்று பின்னர் கேட்டபோது மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என விடையிறுத்தார் என்றும் கதை வழங்குகிறது. கதை சற்று மெருகேற்றப்பட்டதாயிருக்கலாம், பெருக்கம் மெருகேற்றப்பட்டதன்று.

லூக்கா அறிந்ததும் கோல் அறிந்ததும் ஒன்றா? உண்மை ஒன்றே. கோல் ‘அவ்வெண் பகுபடும்’ என்பதற்குப் புதிய உறுதி எதனையும் சேர்க்கவில்லை. ஆயினும் கைதட்டல் கோலுக்கே கிடைத்தது. ஏனெனில் லூக்காவின் அறிவைப் பெற ஒருவர் அவரது தேற்றத்தின் நிறுவலைக் கற்கவேண்டும். கோலின் அறிவைப் பெறப் பெருக்கத் தெரிந்தாற் போதும். அளவை நூலார் மொழியிற் கூறின் ஒன்று கருதல், மற்றது காண்டல். காண்டலுக்கு எமது மனம் தரும் சிறப்பு நியாயமானதே. ஆயின் காண்டல் இல்லாதவிடத்து அறிவே இல்லை என்று கூறுவது தவறாகும்.

லூக்காவின் முறை சற்றுச் சிக்கலானது. அதே இயல்புடைய எளிய சோதனையொன்றை எனது பழைய பகையாகிய 323ஐக் கொண்டே விளக்கலாம். பேர்மா 1640இல் எழுதிய கடிதமொன்றிற் குறிப்பிட்டு, பின்னர் ஒயிலர் நிறுவி வெளியிட்ட தேற்றம் இது: ஓர் எண் முதன்மையானதாயின், அதனாற் பகுபடாத எந்த எண்ணையும் அம்முதன்மை எண்ணிலும் ஒன்று குறைந்த வலுவுக்கு உயர்த்தி அம்முதன்மை எண்ணால் வகுக்க, மீதி 1 ஆகும். இதற்கு விலக்கே இல்லை. 323 முதன்மை எண்ணாயின் 2இன் 322ஆம் வலுவை அதனால் வகுக்க 1 எஞ்சவேண்டும். வர்க்கிப்பதும் மீதி காண்பதுமாக மாறி மாறிச் செய்தால் கணிப்பு நீளாது. 10ஆம் வலுவில் மீதி 55, 20இல் 118, 40இல் 35, 80இல் 256, 160இல் 290, 320இல் 120, ஈற்றில் 322ஆம் வலுவில் 157. 1 வரவில்லை. ஆகவே 323 முதன்மை எண்ணன்று. 17 என்ற பேச்சே எங்கும் எழவில்லை, 19உம் எழவில்லை. எனினும் தீர்ப்பு முற்றானது.

இத்தீர்ப்பை ஏற்பதற்கு எது எம்மைக் கட்டாயப்படுத்துகிறது என்பதைக் கூர்ந்து நோக்கல் வேண்டும். 323 ஐயத்துக்குரிய தோற்றமுடையது என்பதன்று. பகுபடும் எண்கள் பலவற்றை அது ஒத்திருக்கிறது என்பதுமன்று. முதன்மை எண் எதற்கும் கட்டாயம் இருந்தே தீரவேண்டிய பண்பொன்று அதனிடம் இல்லை. அப்பண்பு அங்ஙனம் இருந்தே தீரும் என்பது நிறுவப்பட்டது. பண்பு இல்லை என்பதை எவரும் மீளக் கணித்துச் சரிபார்க்கலாம். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையாற்றான் காரணி காட்டாத தீர்ப்பு இங்கே நீதியானதாகிறது. மூன்றனுள் ஒன்று தவறினும் அது வெறும் ஐயமாக இறங்கிவிடும்.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். இச்சோதனையிலே தேறியவை யாவும் முதன்மை எண்கள் அல்ல. 341 என்பது 11ஐ 31ஆற் பெருக்க வருவது. ஆயினும் 2இன் 340ஆம் வலுவை 341ஆல் வகுக்க மீதி 1 வருகிறது. 3ஐக் கொண்டு சோதித்தால் மீதி 56 ஆக, அது அகப்பட்டுவிடும். 561 இன்னும் கள்ளமானது: 3, 11, 17 ஆகியவற்றின் பெருக்கமாகிய அது, தன்னுடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் தேறிவிடும். இத்தகைய எண்கள் முடிவற்றவை என்பது 1994இல் வெளியான ஆய்வினால் நிறுவப்பட்டது. இக்குறையை நீக்க, மில்லர் 1976இற் கூறிய கருத்தொன்றை 1980இல் ராபின் மாற்றியமைத்தார். அவரது முறையில், எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த எண்ணைக் கொண்டு ஒரு தடவை சோதிக்கும்போது, பகுபடும் எண் தப்பிவிடும் வாய்ப்பு நான்கிலொன்றை விஞ்சாது. இருபது தடவை சோதித்தால் அவ்வாய்ப்பு இலட்சங்கோடியில் ஒன்றிலும் குறையும்.

இங்கே நிகழ்தகவு என்னும் சொல் எதனைச் சாருகிறது என்பதில் மயங்குவோர் பலர். எண் முதன்மையானது அல்லது முதன்மையற்றது. அதிலே வாய்ப்புக்கு இடமில்லை. எமது தெரிவிலேதான் வாய்ப்பு உள்ளது. இன்னொன்றும் உண்டு. பரவலாகப் பேசப்படுவதில்லையாயினும் அதனையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். ராபினின் சோதனை பிழைப்பது ஒரு திசையில் மாத்திரமே. பகுபடும் எண்ணை அது தவறுதலாகத் தப்பவிடலாம். முதன்மை எண்ணை ஒருபோதும் குற்றஞ்சாட்டாது. ஆயிரம் குற்றவாளிகள் தப்பினும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்று சட்டத்தார் சொல்லிக்கொள்வர். அவர்கள் விரும்பியதை அப்படியே நிறைவேற்றிய கருவியொன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. 2002 ஓகஸ்டிலே கான்பூர் இந்திய தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், அப்பொழுதுதான் முதற்பட்டம் முடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும் வாய்ப்பை நம்பாது, விரைவாகவும் ஐயமறவும் முதன்மையைத் தீர்மானிக்கும் வழியொன்று உண்டெனக் காட்டினர். மாணவர்கள் பெருமைகொள்ளத்தக்க செய்தி இது. எனினும் நடைமுறையில் ராபினின் முறையே விரைவானதாகையால் இன்றும் பெரிதும் கையாளப்படுவது அதுவே.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு விசாரணைக் குழுவுக்கு மீள்வோம். அங்கே சக விரிவுரையாளர் ஒருவர் என்னை நோக்கி எழுப்பிய வினா கூர்மையானது. “இருபது தடவை சோதித்த எண்ணை முதன்மை எண் என்று வங்கிகள் நம்புகின்றன; நீங்களும் நம்புகிறீர்கள். அதுவும் வாய்ப்பு, இதுவும் வாய்ப்பு. அங்கே ஏற்றதை இங்கே ஏன் மறுக்கிறீர்கள்?” உடனே எனக்கு விடை வரவில்லை. அன்றிரவு யோசித்தபோதே வேறுபாடு தெளிவாயிற்று. நேர்மையாக எழுதியோர் எல்லாரிடமும் இருந்தே தீரவேண்டிய பண்பு யாது என்று அம்மென்பொருள் கூறவில்லை; அத்தகைய பண்பு ஒன்று உண்டெனவும் எவரும் நிறுவவில்லை. இயந்திரத்தின் எழுத்தை இக்கட்டுரை ஒத்திருக்கிறது என்றே அது கூறிற்று. ஒத்திருத்தலைக் கொண்டு 323ஐ எவரும் தண்டிப்பதில்லை. இன்னும், அதன் பிழை இரு திசையிலும் செல்வது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் எழுதிய கட்டுரைகளை இத்தகைய மென்பொருள்கள் பெருமளவில் தவறாக இயந்திர எழுத்தெனக் காட்டின என்று ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வொன்று தெரிவிக்கிறது. எமது மாணவர் எழுதியதும் ஆங்கிலத்திலேதான். எளிய சொல்லும் பழகிய தொடரும் அவர் கற்ற மொழியின் எல்லைகள். அவற்றையே மென்பொருள் இயந்திரத்தின் அடையாளமாக வாசித்திருக்கலாம்.

மறுநாட் கூட்டத்தில் இதனைக் கூறியபோது எதிர்வாதம் எழாமலில்லை. ஐயமற நிறுவினாலன்றித் தண்டிக்கலாகாது என்றால், களவாக எழுதுவோர் யாவரும் தப்புவர், இரவு பகலாக உழைத்து எழுதிய மாணவிக்கும் களவாக எழுதியவனுக்கும் ஒரே வகுப்புச் சித்தி கிடைக்கும், அது நீதியா? இவ்வாதத்தில் உண்மை உண்டு. அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. எண்கள் தமக்கிடையே போட்டியிடுவதில்லை. 341 தப்பிவிட்டதனால் 347க்கு யாதொரு நட்டமும் இல்லை. மாணவரிடையே நிலைமை அவ்வாறன்று.

இன்னொருவர், மாணவரே தமது நேர்மைக்குச் சான்று தரட்டும் என்றார். இதற்கும் எண்கணிதத்தில் ஓர் ஒப்புமை உண்டு. ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் அதன் முதன்மையை விரைவிற் சரிபார்க்க உதவும் சுருக்கமான சான்றிதழொன்று இருந்தே தீரும் என 1975இல் வோன் பிராட் காட்டினார். மாணவரின் குறிப்புக் கொப்பிகளும் அடித்துத் திருத்திய முன்வரைவுகளும் அத்தகைய சான்றிதழ்கள் எனலாம். ஆயின் முதன்மை எண்ணுக்குச் சான்றிதழ் எப்போதும் உண்டு, மாணவருக்கு இல்லாதிருக்கலாம். இவர் முன்வரைவுகளைப் பேணி வைக்கவில்லை. பேணும்படி அவருக்கு எவரும் சொல்லியிருக்கவுமில்லை. சான்றிதழ் இன்மையைக் குற்றத்தின் சான்றாகக் கொள்வது, 13உடன் நின்றுகொண்டு தீர்ப்பு எழுதிய எனது பழைய பிழையை மறுபக்கத்திலிருந்து செய்வதேயாகும்.

நாம் எவ்வளவு தூரம் பிறர் உரையில் தங்கி வாழ்கிறோம் என்பதையும் அக்கூட்டத்தில் எண்ணிக்கொண்டேன். 2024 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட முதன்மை எண்ணொன்று உண்டு: 2இன் 136,279,841ஆம் வலுவிலிருந்து 1ஐக் கழிக்க வருவது, அதன் இலக்கங்கள் 41,024,320. அது முதன்மை எண் என்பதை நான் காண்டலாலும் அறியேன், கருதலாலும் அறியேன். உரையால் மாத்திரமே அறிவேன். ஆயினும் அவ்வுரை மேர்சென்னின் உரை போன்றதன்று. முதலிற் பேர்மா வகைச் சோதனையில் அது தேறிற்று. பின்னர் லூக்காவின் வழியில் வந்த சோதனையினால், வேறு வேறு கணனிகளிலும் வேறு வேறு நிரல்களிலும், உறுதிசெய்யப்பட்டது. நான் விரும்பினால் வழி திறந்திருக்கிறது. எமது முன் வைக்கப்பட்ட நூற்றுவீதத்துக்கு அத்தகைய வழி இல்லை. எவ்வாறு அது பெறப்பட்டது என்று கேட்டபோது, அது வணிக இரகசியம் என்னும் விடையே கிடைத்தது.

ஈற்றில், மாணவரை அழைத்து வாய்மொழியாகக் கேட்பது என்று முடிவாயிற்று. ஒரு மணி நேரம் கேட்டோம். முதலிரு இயல்களைப் பற்றிய வினாக்களுக்கு அவர் தயங்காது விடையளித்தார். மூன்றாம் இயலிலுள்ள அட்டவணையொன்றைப் பற்றிக் கேட்டபோது சற்று நேரம் மௌனமாயிருந்து, பின் பொதுவாக ஏதோ சொன்னார். அது அச்சத்தின் மௌனமா, அறியாமையின் மௌனமா என்று எம்மாற் பிரித்துணர முடியவில்லை. மேலும் இரண்டு வினாக்கள் கேட்டிருக்கலாம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குற்றம் நிறுவப்படவில்லை என்று மூவரில் இருவர் கையொப்பமிட்டோம். 2ஐக் கொண்டு மாத்திரம் சோதித்து 341ஐ அனுப்பிவைத்தோமா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. அக்கட்டுரை இப்போது நூலகத்தில் இருக்கிறது. சென்ற தவணை மாணவி ஒருவர் அதன் மூன்றாம் இயலை மேற்கோளாகக் காட்டித் தமது ஒப்படையை எழுதியிருந்தார். அந்த அட்டவணையின் எண்களைக் கூட்டிச் சரிபார்த்தீரா என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார். நாங்கள் இருவரும் அன்று மாலை அமர்ந்து கூட்டத் தொடங்கினோம்.